காரைக்கால் நிர்வாகம் பாடத்தில் வருமா? பொது நிர்வாகப் படிப்புக்கு ஆலோசனைக் குழு ஏன் தேவை.. முழு விவரம்!

நாகூரில் ஒரு வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டால், நாகப்பட்டினம் நகராட்சியில் புகார் கொடுக்கணும். அங்கிருந்து பைக்கில் சில நிமிஷம் வடக்கே வந்தால் வாஞ்சூர். அதே பிரச்னை அங்கே வந்தால், திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போகணும். ரெண்டு ஊரிலும் பேசுவது ஒரே தமிழ், வீசுவது ஒரே கடல் காற்று. ஆனால் சட்டம் வேற, அரசாங்கம் வேற, கையெழுத்துப் போடும் அதிகாரியும் வேற.

காரைக்காலில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவர் உள்ளாட்சி நிர்வாகம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதிய புத்தகம். அதில் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என மூன்று அடுக்கு இருக்கும். அவர் வீட்டுக்கு வரி கட்டும் கொம்யூன் பஞ்சாயத்து மட்டும் இருக்காது. படிச்சு முடிச்சு அதே கொம்யூன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தால், முதல் நாளில் இருந்து எல்லாத்தையும் புதுசா கத்துக்கணும்.

இந்த இடைவெளியைக் கண்டுபிடிச்சு சரிசெய்ய வேண்டிய இடம் ஒன்று பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் ஆலோசனைக் குழு. இதில் யார் இருப்பாங்க, என்ன செய்வாங்க, காரைக்கால் மாதிரி ஊருக்கு இது ஏன் முக்கியம்? பார்க்கலாம்.

முதல்ல, பொது நிர்வாகம்னா என்ன படிப்பு?

அரசாங்கம் எப்படி இயங்குது என்பதைப் படிப்பதுதான் பொது நிர்வாகம். பட்ஜெட் போடுவது, ஆள் எடுப்பது, திட்டத்தை மக்களிடம் கொண்டுசேர்ப்பது, கணக்குக் காட்டுவது, புகாருக்குப் பதில் சொல்வது எல்லாமே இதற்குள் வரும்.

அமெரிக்காவில் உட்ரோ வில்சன் 1887-ல் எழுதிய ஒரு கட்டுரையை இந்தத் துறையின் தொடக்கமாகச் சொல்வார்கள். அவர் பின்னாளில் அந்நாட்டின் அதிபர் ஆனவர். இந்தியாவில் இந்தப் படிப்பின் முன்னோடிகளில் ஒன்று நம்ம சென்னைப் பல்கலைக்கழகம். 1937-லேயே அங்கே பொது நிர்வாகத்தில் டிப்ளமோ வந்துவிட்டது. நாக்பூர் பல்கலைக்கழகம் 1949-ல் பொது நிர்வாகத்துக்கும் உள்ளாட்சிக்கும் தனித் துறையே தொடங்கியது. அமெரிக்க நிபுணர் பால் ஆப்பிள்பி 1953-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1954-ல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் அமைந்தது.

1987-ல் யுபிஎஸ்சி மெயின்ஸ் தேர்வில் பொது நிர்வாகம் விருப்பப் பாடமானது. அதன் பிறகு ஐஏஎஸ் கனவோடு இருப்பவர்களிடம் இந்தப் பெயர் ரொம்பவே பிரபலம்.

ஆலோசனைக் குழு என்றால் யார்?

இதில் ரெண்டு வகை உண்டு. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

முதல் வகை, சட்டப்படி அமையும் குழு. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதற்குப் பெயர் 'போர்டு ஆஃப் ஸ்டடீஸ்', அதாவது பாடத்திட்டக் குழு. எந்தத் தாளில் என்ன பாடம், எந்தப் புத்தகம் என்பதைப் பரிந்துரைக்கும் அதிகாரம் இதற்கு உண்டு.

ரெண்டாவது வகை, துறை தானாக அமைத்துக்கொள்ளும் ஆலோசனைக் குழு. ஓய்வுபெற்ற அதிகாரிகள், முன்னாள் மாணவர்கள், தொண்டு நிறுவனத்தினர் போன்றவர்கள் இதில் இருப்பார்கள். இவர்கள் யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. அமெரிக்காவில் இந்த வகை அதிகம். சைராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1924-ல் தொடங்கிய மேக்ஸ்வெல் ஸ்கூல், பொது நிர்வாகக் கல்வியில் உலக அளவில் பெயர் பெற்றது. அதற்கும் ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. அங்கே இத்தகைய முதுநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் 'நாஸ்பா' என்ற அமைப்பு, படிப்பின் நோக்கத்தை முடிவு செய்யும்போது மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், வேலை கொடுப்பவர்கள் ஆகியோரின் கருத்தும் அதில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

நம்ம ஊரில் வெளி ஆட்களின் குரல் பெரும்பாலும் முதல் வகைக் குழு வழியாகத்தான் உள்ளே வருகிறது.

குழுவில் யாரெல்லாம் இருப்பாங்க?

பல்கலைக்கழகத் துறைகளில் இதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டமும் விதிகளும் முடிவு செய்யும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு யுஜிசி பொதுவான ஓர் அமைப்பைக் கொடுத்திருக்கிறது. அதன்படி:

* துறைத் தலைவர்தான் குழுவின் தலைவர்
* துறையின் ஆசிரியர்கள் உறுப்பினர்கள்
* தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து 2 பாட நிபுணர்கள்
* துணைவேந்தர் நியமிக்கும் ஒரு நிபுணர்
* தொழில் துறை அல்லது அதைச் சார்ந்த துறையில் இருந்து ஒரு பிரதிநிதி
* படித்து முடித்த முன்னாள் மாணவர் ஒருவர்

இந்தப் பட்டியலில் கடைசி ரெண்டு இடங்களைக் கவனிங்க. வணிகவியல் துறை என்றால் 'தொழில் துறைப் பிரதிநிதி' என்ற இடத்துக்கு ஒரு ஆடிட்டரையோ வங்கி மேலாளரையோ போடுவார்கள். பொது நிர்வாகத்துக்கு 'தொழில் துறை' எது? அரசு அலுவலகம்தான். அப்படிப் பார்த்தால் அந்த நாற்காலி ஒரு நகராட்சி ஆணையருக்கோ, தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவருக்கோ, உள்ளாட்சிக் கணக்கைத் தணிக்கை செய்தவருக்கோ போகணும். அங்கே யார் உட்கார்கிறார் என்பதை வைத்தே படிப்பின் தரத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

சரி, இவங்க என்ன வேலை செய்வாங்க?

1. பாடத்திட்டத்தைப் புதுப்பிப்பது: இதுதான் முதல் வேலை. சட்டம் மாறும், அலுவலக நடைமுறை மாறும், கோப்பு எல்லாம் ஆன்லைனுக்குப் போகும். புத்தகம் தானா மாறாது. 'இந்தப் பகுதி பழசாகிடுச்சு, இதை எடுத்துட்டு அதைச் சேருங்க' என்று சொல்வதற்கு வேலையில் இருந்தவர் தேவை.

2. இன்டர்ன்ஷிப்புக்குக் கதவு திறப்பது: யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்டக் கட்டமைப்பில் கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட் வரை இடம் இருக்கிறது. ஆனால் ஒரு மாணவர் தனியாகப் போய் நகராட்சி அலுவலகத்தில் 'நான் இங்க கத்துக்க வந்திருக்கேன்' என்றால் யார் உட்கார வைப்பார்? குழுவில் அந்த அலுவலகத்தை அறிந்த ஒருவர் இருந்தால், ஒரு கடிதத்தில் வேலை முடியும்.

3. அனுபவசாலிகளை வகுப்புக்கு அழைத்து வருவது: 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற முறையை யுஜிசி 2022-ல் கொண்டுவந்தது. ஒரு துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவர், பிஎச்டி இல்லாவிட்டாலும் பாடம் நடத்தலாம். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நிரப்பலாம். யாரை அழைக்கலாம் என்று யோசனை சொல்ல ஆலோசனைக் குழுவைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

4. தேர்வாளர் பட்டியல் தருவது: வினாத்தாள் தயாரிப்பவர்கள், விடைத்தாள் திருத்துபவர்கள் பட்டியலை உயர்மட்டக் குழுவுக்குப் பரிந்துரைப்பதும் பாடத்திட்டக் குழுவின் பொறுப்பு. வினாத்தாளில் என்ன கேட்கிறார்களோ அதைத்தானே மாணவர்கள் படிப்பாங்க!

5. வெளியே இருந்து கருத்துக் கேட்பது: கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு, பாடத்திட்டம் பற்றி மாணவர், ஆசிரியர், வேலை கொடுப்பவர், முன்னாள் மாணவர் ஆகியோரிடம் கருத்துப் பெறப்பட்டதா என்று பார்க்கும். அந்தக் கருத்தை வாங்கி ஃபைலில் வைத்தால் மட்டும் போதாது. அதை எடுத்துப் பேச வேண்டிய மேசை இந்தக் குழுதான்.

ஒரு பாடம் மாற எவ்வளவு நாள் ஆகும்?

அவ்வளவு சீக்கிரம் மாறாது. துறை ஆசிரியர்கள் வரைவு எழுதுவார்கள். பாடத்திட்டக் குழு அதைப் படித்துத் திருத்தும். பிறகு அகாடமிக் கவுன்சில் எனும் கல்விக் குழு ஒப்புதல் தரணும். சில பல்கலைக்கழகங்களில் நடுவில் இன்னொரு படியும் உண்டு. எல்லாம் முடிந்து வரும் புதிய பாடத்திட்டம், பெரும்பாலும் அடுத்து சேரும் மாணவர்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் பழைய பாடத்திலேயே முடிப்பார்கள்.

அதனால் இன்று ஒரு குழுக் கூட்டத்தில் விட்டுப்போன விஷயம், பல பேட்ச் மாணவர்களுக்கு விட்டுப்போனதாகவே இருக்கும்.

காரைக்காலுக்கு இது ஏன் முக்கியம்?

காரைக்காலின் நிலைமை கொஞ்சம் வித்தியாசமானது. ஒரு பக்கம் வங்கக் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2 லட்சம். தலைநகர் புதுச்சேரி இருப்பதோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என தமிழ்நாட்டைக் கடந்துதான் போகணும்.

கல்வியும் அங்கிருந்துதான் வருகிறது. மத்தியப் பல்கலைக்கழகமான புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் உருவானது. புதுச்சேரியோடு லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் வரை அதன் எல்லை விரிகிறது. காரைக்காலில் அதற்கு ஒரு வளாகமும் உண்டு. அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி போன்றவை அதன் இணைப்புக் கல்லூரிகள். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழகம் வகுக்கும் பாடத்தைத்தான் நடத்தணும். அதாவது காரைக்கால் வகுப்பறையில் அரசியல், நிர்வாகம் சம்பந்தமாக என்ன நடத்தணும் என்பது 130 கிலோமீட்டர் தள்ளி முடிவாகும். அந்தக் கூட்டத்தில் காரைக்காலைத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கணும் அல்லவா?

அப்படி ஒருவர் இருந்தால் எதையெல்லாம் பாடமாக்கச் சொல்லலாம்? உதாரணத்துக்கு நான்கு.

கொம்யூன் பஞ்சாயத்து: கொம்யூன் என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற சொல். 1880-லேயே இங்கே கொம்யூன் வாரியாக நகராட்சி முறை வந்தது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முழுமையானது. பிறகு 1973-ல் நகராட்சிகளுக்கு ஒன்று, கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒன்று என புதுச்சேரி தனிச் சட்டங்கள் இயற்றியது. இன்று காரைக்கால் பகுதியில் இருப்பது ஒரு நகராட்சி, 5 கொம்யூன் பஞ்சாயத்துகள்: கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம். 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான். 38 வருஷ இடைவெளி! அதில் வென்றவர்களின் பதவிக்காலமும் 2011-ல் முடிந்தது. தேர்ந்தெடுத்த பிரதிநிதி இல்லாமல் அதிகாரிகளே உள்ளாட்சியை நடத்தினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட காரைக்கால் மாணவர் நூலகத்துக்குப் போக வேண்டாம், பக்கத்துத் தெருவுக்குப் போனால் போதும்.

துணைநிலை ஆளுநரும் அமைச்சரவையும்: புதுச்சேரிக்குச் சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு. ஆனாலும் மாநிலம் கிடையாது. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுச் சட்டப்படி நிர்வாகம் நடக்கிறது. அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் எவ்வளவு தலையிடலாம் என்ற வழக்கில், 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தனக்கென தேர்வாணையமும் புதுச்சேரிக்கு இல்லை. உயர் பதவிகளுக்கு யுபிஎஸ்சி வழியாகத்தான் ஆள் எடுக்கணும். டிஎன்பிஎஸ்சி குரூப் 1-ல் வரும் 'தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகம்' என்ற பகுதியைப் படித்தால் இதெல்லாம் தெரியாது.

காவிரித் தண்ணீர்: காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தந்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டிஎம்சி. 2018 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை மாற்றவில்லை. அந்தத் தண்ணீர் வந்து சேர வேண்டிய இடம் காரைக்கால் வயல்கள்தான். கர்நாடகம் திறக்கணும், மேட்டூர் திறக்கணும், தமிழ்நாட்டின் டெல்டா முழுவதும் கடந்து கடைசியில் இங்கே வரணும். மாநிலங்களுக்கு இடையிலான நிர்வாகம் பற்றிப் படிக்க இதைவிட நல்ல பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

திருநள்ளாறும் கடற்கரையும்: சனிப்பெயர்ச்சி வந்தால் திருநள்ளாறுக்கு வெளி மாநிலங்களில் இருந்தும் பக்தர்கள் குவிவார்கள். காவல், போக்குவரத்து, குடிநீர், சுகாதாரம், கோயில் நிர்வாகம் எல்லாம் ஒரே நாளில் ஒன்றாக ஓடணும். வரும் வாகனங்கள் தமிழ்நாட்டுச் சாலைகள் வழியாக வருவதால் பக்கத்து மாவட்டங்களோடும் பேசியாகணும். 2004 டிசம்பர் 26 சுனாமி காரைக்கால் மீனவக் கிராமங்களையும் தாக்கியது. அப்போது மீட்பு, நிவாரணம், வீடு கட்டித் தருவது என வேலை பார்த்த அதிகாரிகளின் அனுபவம் எந்தப் புத்தகத்தையும்விடப் பெரிய பாடம்.

குழு இருந்தும் பலன் இல்லாமல் போவது எப்போது?

குழு இருந்தாலே எல்லாம் சரியாகிடும் என்று நினைக்க வேண்டாம். நாலு இடத்தில் வண்டி நிற்கும்.

* கூட்டம் பேருக்கு நடப்பது. காலையில் கூடி, தேநீர் குடித்து, தயாராக இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினால் எதுவும் மாறாது.
* பெரிய பெயர்களை மட்டும் தேடுவது. பெரிய பதவியில் இருப்பவருக்குக் கூட்டத்துக்கு வர நேரம் இருக்காது. கொம்யூன் அலுவலகத்தில் வருஷக்கணக்கில் கணக்குப் பார்த்தவர் அதைவிட உபயோகமாக இருக்கலாம்.
* போட்டித் தேர்வை மட்டும் பார்ப்பது. யுபிஎஸ்சியில் விருப்பப் பாடம் 2 தாள், தலா 250 மதிப்பெண். அது மாணவர்களை ஈர்ப்பது நியாயம்தான். ஆனால் பட்டப் படிப்பே கோச்சிங் சென்டர் போல ஆகிவிட்டால், தேர்வில் வெல்லாத பெரும்பாலானவர்களுக்குக் கையில் என்ன மிஞ்சும்?
* அதிகாரிகளின் குரல் ஓங்கிவிடுவது. நிர்வாகத்தைக் கேள்வி கேட்கவும் கற்றுத்தர வேண்டிய படிப்பு இது. 'இப்படித்தான் செய்வோம்' என்பதை அதிகாரி சொல்லலாம். 'ஏன் இப்படிச் செய்யணும்?' என்று கேட்கும் இடம் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இருக்கணும். அதனால்தான் குழுவின் தலைமை துறைத் தலைவரிடம் இருக்கிறது.

மாணவர்களும் பெற்றோரும் என்ன செய்யலாம்?

அட்மிஷன் நேரத்தில் கட்டணம், ஹாஸ்டல் பற்றிக் கேட்கிறோம். பொது நிர்வாகம், அரசியல் அறிவியல் போன்ற படிப்பில் சேருபவர்கள் கூடவே இந்த மூன்றையும் கேளுங்க:

1. கடைசியாகப் பாடத்திட்டம் எந்த ஆண்டு மாறியது?
2. பாடத்திட்டக் குழுவில் வெளி உறுப்பினர்கள் யார்? அவர்களில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர் இருக்கிறாரா?
3. இன்டர்ன்ஷிப் எந்த அலுவலகத்தில், எத்தனை வாரம்?

பல பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டத்தையும் குழுக் கூட்டக் குறிப்புகளையும் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. அங்கே கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 கைகொடுக்கும். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தரணும். 'கடைசி 3 கூட்டங்களின் மினிட்ஸ், வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல் வேண்டும்' என்று ஒரே வரியில் கேட்டால் போதும். யார் வந்தார், யார் வரவில்லை, என்ன பேசினார்கள் என்பது தெரிந்துவிடும்.

முன்னாள் மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அந்த ஒரு நாற்காலி அவர்களுக்காகத்தான். கொம்யூன் பஞ்சாயத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ வேலை பார்க்கும் ஒரு முன்னாள் மாணவர், 'நாங்க படிச்சதுல இது வேலைக்கு உதவுச்சு, இது உதவல' என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்தாலே அடுத்த கூட்டத்தில் அது பேச்சுக்கு வரும்.

வாஞ்சூரில் அடைத்த சாக்கடைக்கு எந்தச் சட்டப்படி, எந்த அலுவலகத்தில், யாரிடம் மனு கொடுக்கணும் என்று காரைக்காலில் இருந்து நிர்வாகம் படித்துவரும் ஒரு பட்டதாரிக்குத் தெரிஞ்சிருக்கணும். அது அவருடைய பாடத்தில் இருக்கிறதா என்பதை அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்.